நெய்யூர் மருத்துவர் சாமர்வெல்

குமரி மாவட்டத்திலே, நாஞ்சில் நாட்டிற்கு மேற்கே, நெய்யூர் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள மருத்துவமனையில் பணிபுரிந்து புகழ்பெற்றவருள் ஒருவர் தியடோர் ஹோவர்டு சாமர்வெல்.

இவர் 1890ஆம் ஆண்டு இங்கிலாந்திலுள்ள கெண்டல் என்னும் ஊரில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் கற்று, அறுவை மருத்துவரானார். முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்க்கு மருத்துவம் செய்தார். 1922இல் எவரெஸ்டுச் சிகரம் ஏறச் சென்ற குழுவில் ஒருவராய் வந்தவர், பின்னர் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கையில் நெய்யூரையும் கண்டார். நோயாளரோ மிகப் பலர். அறுவை மருத்துவரோ ஒருவரே. அந்நிலை கண்டு உள்ளம் உருகிய அவர், 1923இல் நெய்யூரிலேயே பணி ஏற்றார். 1924இல் மீண்டும் எவரெஸ்டில் ஏறி, செயற்கை உயிர்வளியின் துணையின்றி ஏறத்தாழ 28,000 அடி உயரத்தை எட்டினார்.

நெய்யூருக்கு வந்த நோயாளருள் வாய்ப்புற்று நோயினரும் பலர். அங்குப் பணிசெய்த பென்றல் என்னும் மருத்துவர், திருவிதாங்கூர்ப் புற்றுநோயாளர் 1,700 பேரைப் பற்றி 1908இலேயே எழுதியிருந்தார். சாமர்வெல் காலத்தில் அங்கிருந்த டாக்டர் ஐ. எம். ஆர் என்பவர், வெற்றிலை பாக்கு மெல்லுவோர்க்கு வரும் வாய்ப்புற்றை ஆராய்ந்து 1933இல் கட்டுரை வெளியிட்டார்.

இத்தகைய ஆராய்ச்சியில் கிடைக்கும் எண்களைப் பொருளறிந்து படித்தல் வேண்டும். யாவரும் வெற்றிலை போடும் நாட்டில், நோயாளருட் பெரும்பாலோர் அதனை மெல்லுவோராய் இருத்தல் வியப்பன்று. அதுகொண்டு மட்டும் அப்பழக்கத்தின்மேல் குற்றம் சுமத்தலாகாது. நோயற்றாருள் எத்தனை பங்கினர் மெல்லுகின்றனர் என்பதையும் காணவேண்டும். கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். நோயாளர் 100 பேரில் 80 பேரும், நோயற்றார் 100 பேரில் 40 பேரும் புகையிலை மெல்லுவோர் என்க. நூற்றுக்கு 80, நூற்றுக்கு 40 என்னும் இவ்விரு பங்குகளும் வேறுபடுதலே பழக்கத்திற்கும் நோய்க்கும் தொடர்புண்டு எனக் கருத இடந்தருகிறது.

இனி, மெல்லுவோரை மட்டும் நோக்குவோம். அவர் மொத்தம் 120 பேர். அவருள் 80 பேர் நோயாளர். ஆகவே, மெல்லுவோர் மூவரில் இருவர்க்கு நோய் வரும் என்று கூறலாமோ? கூறலாகாது. நோயற்றாருள் 100 பேரையே நாம் தெரிந்தெடுத்தோம். நாட்டிலோ ஒரு நோயாளர்க்கு நோயற்றார் பல்லாயிரவர் உளர். நோயுற்றாருள் மெல்லுவோர் எத்தனை பங்கு என்பது ஒரு வினா. மெல்லுவோருள் நோயுறுவோர் எத்தனை பங்கு என்பது மற்றொரு வினா. ஒன்றன் விடையை மற்றொன்றன் விடையாகக் கொண்டால் வீண் அச்சமோ, வீண் துணிவோ விளையும்.

பின்னாளில் பல நாட்டு ஆராய்ச்சிகளும் சேர்ந்து உண்மையை உறுதிப்படுத்தின. புகையிலை கலந்து வெற்றிலை போடுதல் புற்றுநோயை விளைக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1985இல் முடிவு செய்தது. புகையிலை சேராத பாக்கும் அத்தகையதே என 2004இல் உறுதி கூறியது.

சாமர்வெல் பின்பு வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராய் விளங்கித் தாயகம் திரும்பி, 1975இல் காலமானார். நோயைத் தீர்ப்பது நன்று. அதன் காரணத்தைப் பிழையின்றி அறிந்து, வருமுன் காப்பது அதனினும் நன்று. நெய்யூர் மருத்துவர்கள் இவ்விரண்டிற்கும் உழைத்தனர்.