மே தினத்தைக் கொண்டாட வைத்த மீனவர் வீட்டு வக்கீல்

மே மாதம் மரக்காணம் உப்பளங்களில் வேலை உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏற உப்பு விளையும். வாருபவர்களுக்கு ஓய்வு குறையும். மே 1 நமக்கு விடுமுறை. அந்த நாளை இந்தியாவில் முதன்முதலில் கொண்டாடியவர், நம்மைப் போலவே வங்கக் கடலோரத்தில் வாழ்ந்த ம.சிங்காரவேலர்.

1860 பிப்ரவரி 18 அன்று சென்னை அயோத்தியாகுப்பத்தில் மீனவர் குடும்பத்தில் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் பி.ஏ. படித்து, பிறகு சட்டமும் முடித்து, 1907-ல் உயர்நீதிமன்ற வழக்கறிஞரானார். கடற்கரையில் வீடு, அது நிறையப் புத்தகங்கள், நல்ல வருமானம். இத்தனையும் இருந்தும், 1921-ல் ஒத்துழையாமை இயக்கத்துக்காக வக்கீல் தொழிலையே விட்டார். அப்போது அவருக்கு வயது 61. அதே ஆண்டு பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் பக்கம் நின்றார்.

1923 மே 1 அன்று உயர்நீதிமன்றத்துக்கு எதிரிலிருந்த கடற்கரையிலும் திருவல்லிக்கேணி கடற்கரையிலும் இரண்டு கூட்டங்கள் நடத்தினார். வீட்டிலிருந்த சிவப்புச் சேலைதான் அன்று கொடியானது என்று சொல்வார்கள். தொழிலாளருக்கும் விவசாயிக்குமான ஒரு கட்சியையும் அன்றே தொடங்கினார்.

1924-ல் கான்பூர் சதி வழக்கில் அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. 1925 டிசம்பரில் அதே கான்பூரில் நடந்த முதல் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்கு அவரே தலைமை வகித்தார். சென்னை மாநகராட்சி உறுப்பினராகவும் இருந்தார்.

1928-ல் தென்னிந்திய ரயில்வே ஆட்குறைப்பை அறிவித்ததும் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. நம் திண்டிவனம் வழியாக ரயில் ஓட்டிய அதே கம்பெனிதான். போராட்டத்தை நடத்தியதற்காக 68 வயதுக்காரருக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது குறைந்து 1930-ல் வெளியே வந்தார். உடல் தளர்ந்தாலும் எழுத்தை விடவில்லை. பெரியாரின் ‘குடி அரசு’ இதழில் அறிவியலையும் பொதுவுடைமையையும் எளிய தமிழில் எழுதினார். 1946 பிப்ரவரி 11 அன்று மறைந்தார். ராஜாஜி சாலையில் உள்ள சென்னை ஆட்சியர் அலுவலகம் இன்று அவர் பெயரில் ‘சிங்காரவேலர் மாளிகை’.

அவர் கேட்டுப் பெற நினைத்த விடுமுறை இன்று காலண்டரில் சிவப்பு எழுத்தில் இருக்கிறது. ஆனால் அன்றும் நம் கேட்டில் செக்யூரிட்டி நிற்கிறார், படிக்கட்டைப் பெருக்கும் அம்மா வருகிறார், தோட்டக்காரர் தண்ணீர் பாய்ச்சுகிறார். வரும் மே 1-ல் துப்புரவுக்கும் தோட்ட வேலைக்கும் சம்பளத்தோடு விடுமுறை தரலாம். குப்பையை நாமே கீழே கொண்டுபோய்ப் போடலாம். காவலை நிறுத்த முடியாது என்பதால், செக்யூரிட்டிகளுக்கு அந்த வாரத்திலேயே வேறொரு நாள் மாற்று விடுப்பு கொடுக்கலாம். அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேசி முடிவெடுப்போம்.