சிங்காரவேலரின் மேடை

சென்னைத் துறைமுகத்திற்கு வடக்கே இராயபுரம், தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர் என நீளும் கடற்கரைப் பகுதி, உழைப்பாளர் வாழும் நிலமாகும். அம்மக்களின் உரிமைக்காகச் சென்னையில் முதன்முதல் குரல் எழுப்பியோருள் ம. சிங்காரவேலர் குறிப்பிடத்தக்கவர்.

அவர் 1860 பிப்ரவரி 18-ஆம் நாள் மீனவர் குடியில் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் பயின்று, பின்னர்ச் சட்டமும் கற்று, உயர்நீதிமன்ற வழக்கறிஞராகப் பொருளும் புகழும் ஈட்டினார். அறிவியல் நூல்களையும் தத்துவ நூல்களையும் பெருந்திரளாகச் சேர்த்துக் கற்றார்.

இத்தகைய செல்வரும் கற்றவருமான ஒருவர் கூலிக்காரரிடம் சென்று பேசினால் அவர்கள் நம்புவரோ? பேச்சைக் கேட்பதற்கு முன்னரே, பேசுவோர் யார் என்றன்றோ அவை நோக்கும்! சிங்காரவேலர் இதனை நன்கு உணர்ந்திருந்தார் போலும். ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது, 1921-இல் வழக்கறிஞர் தொழிலை விடுத்தார். எளிய உடையும் வெண்தாடியுமாக மேடையேறிய முதியவரைக் கண்டோர், தம்முள் ஒருவராகவே அவரைக் கருதினர்.

1922 டிசம்பரில் கயையில் காங்கிரசு மாநாடு கூடியது. அங்கு இருந்தோருட் பெரும்பாலோர் கற்றோரும் வசதி படைத்தோருமாவர். அவ்வவையில் சிங்காரவேலர் வழக்கறிஞராகப் பேசவில்லை. உலகத் தொழிலாளரின் தூதராக நின்றார். கூடியிருந்தோரைத் தோழர்களே என விளித்துத் தம்மைப் பொதுவுடைமையாளர் என்று வெளிப்படையாக அறிவித்தார். அச்சொல்லைக் கூறுவோரை அரசாங்கம் ஐயுற்று நோக்கிய காலம் அது. ஏழைத் தொழிலாளரை ஒதுக்கிவைத்து விடுதலை பெற இயலாது என்று அவர் வாதிட்டார். தொழிலாளரை அமைப்பாகத் திரட்டுவதற்கு மாநாடு ஒரு குழுவை நியமித்தது; அவரும் அதில் ஓர் உறுப்பினரானார்.

நான்கு திங்கள் கழிந்தன. 1923 மே முதல் நாள், உயர்நீதிமன்றத்திற்கு எதிரிலுள்ள கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் இந்தியாவின் முதல் மே நாள் கூட்டங்கள் நடைபெற்றன. தாம் அங்கி அணிந்து வாதாடிய அம்மன்றத்தின் எதிரே, மணற்பரப்பில் உழைப்பாளர் கூடினர். தொழிலாளர் விவசாயிகள் கட்சி அன்று தோன்றியது. மே நாளை விடுமுறையாக்க வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்தது.

மேடையில் மேற்கொண்ட கோலத்திற்கு வாழ்விலும் விலை கொடுக்க நேர்ந்தது. 1928-இல் தென்னிந்திய இரயில்வே வேலைநிறுத்தத்தின்பொருட்டு, அறுபத்தெட்டு வயதில் அவர் சிறை புகுந்தார். 1930-இல் விடுதலை பெற்றார். 1946 பிப்ரவரி 11-ஆம் நாள் மறைந்தார். துறைமுகத்தை நோக்கி இராசாசி சாலையில் நிற்கும் சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அவர் பெயரால் சிங்காரவேலர் மாளிகை என வழங்குகிறது.