நேரத்தை வென்ற பாடகர்

பாடகர்களின் குரல்வளத்தைப் போற்றி எழுதுவோர் பலர். அவர்களது உழைப்பு நேரத்தைக் கணக்கிடுவோர் அரிது. பொருளியல் பயிற்றுவித்தவன் என்பதாலோ என்னவோ, அமெரிக்கப் பாடகர் பிங் கிராஸ்பியின் வாழ்க்கையில் என்னை ஈர்ப்பது இந்த இரண்டாவது கணக்குதான்.

1903-இல் வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரில் பிறந்தவர் கிராஸ்பி. சட்டப் படிப்பைப் பாதியில் கைவிட்டு இசையை நாடினார். அரங்கின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உரத்துப் பாடுவதே அன்றைய வழக்கம். ஒலிவாங்கியின் வருகையால் அந்தத் தேவை மறைந்துவிட்டதை முதலில் உணர்ந்தவர்களுள் அவரும் ஒருவர். அருகில் அமர்ந்து பேசுவதுபோல் பாடினார்.

1931-இல் சிபிஎஸ் வானொலியில் தனி நிகழ்ச்சி. அடுத்த ஆண்டே 'தி பிக் பிராட்காஸ்ட்' திரைப்படம். பெருமந்தத்தால் இசைத்தட்டு விற்பனை சரிந்து கிடந்த 1934-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க டெக்கா நிறுவனம், அவரது தட்டுகளை 35 சென்ட்டுக்கு விற்றது. வானொலி பாட்டைப் பரப்பியது, திரை முகத்தைக் காட்டியது, மலிவு விலைத் தட்டு இரண்டையும் காசாக்கியது. 1942-இல் 'ஹாலிடே இன்' படத்தின் 'ஒயிட் கிறிஸ்துமஸ்' பாடல் பெரும்புகழ் ஈட்டியது. 1944-இல் வெளிவந்த 'கோயிங் மை வே' சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருதைத் தேடித் தந்தது.

ஆனால், அன்றைய வானொலி நேரலையை வற்புறுத்தியது. கிழக்குக் கரைக்கு ஒருமுறை, மேற்குக் கரைக்கு மறுமுறை என ஒரே நிகழ்ச்சியை இருமுறை நிகழ்த்துவதும் உண்டு. முன்கூட்டியே பதிவு செய்ய விரும்பிய கிராஸ்பி, அதற்கு இசைந்த ஏபிசி வானொலிக்கு 1946-இல் மாறினார். தட்டில் பதிந்த ஒலியின் தரம் குறைந்தது. மறு ஆண்டு, ஜெர்மானியத் தொழில்நுட்பத்தில் பிறந்த காந்த நாடா கைகொடுத்தது. நாடாப்பதிவுக் கருவி செய்த ஆம்பெக்ஸ் நிறுவனத்துக்கு அவர் 50,000 டாலர் அளித்து ஊக்குவித்தார்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பதிவு செய்யப்பட்ட இசை தங்கள் வாழ்வாதாரத்தைப் பறிக்கும் என்று அஞ்சிய அமெரிக்க இசைக்கலைஞர்கள் சங்கம், 1942-இலேயே ஒலிப்பதிவைப் புறக்கணித்துப் போராடியது. பதிவுக் கருவி கிராஸ்பிக்கு ஓய்வைத் தந்தது. குழுவில் வாசித்த பெயர் தெரியாத கலைஞருக்கோ அச்சத்தைத் தந்தது. கருவி ஒன்றுதான், பேரம் பேசும் வலிமைதான் வேறு.

1977 அக்டோபர் 14 அன்று, ஸ்பெயினில் கோல்ஃப் ஆட்டத்தை முடித்த சிறிது நேரத்தில் கிராஸ்பி மறைந்தார். தமது நேரத்தைத் தாமே ஆளும் உரிமையைப் பெற்ற உழைப்பாளி அவர். அவ்வுரிமை புகழ்பெற்றோருக்கு மட்டும் உரியதாக இருக்கலாமா என்பதே, புதிய கருவிகள் வரும்போதெல்லாம் நாம் எழுப்ப வேண்டிய கேள்வி.