டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய்

தொண்டாமுத்தூரிலிருந்து கோவைக்குச் சென்று நவீன வைத்தியத்தால் மகப்பேறு அடையும் தம்பதிகளுள் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் பெயரை அறிந்தவர் அரியர். 1931-ல் ஹஜாரிபாக்கில் பிறந்து, கல்கத்தாவிலும் எடின்பரோவிலும் ஆராய்ச்சிப் பட்டங்கள் பெற்ற அவரது முயற்சியால், 1978 அக்டோபர் 3-ந் தேதி பாரத தேசத்தின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. இங்கிலாந்தில் உலகின் முதற் குழந்தை இவ்வாறு பிறந்து மூன்று மாதங்கூட ஆகவில்லை. கருவை உறையச் செய்து காக்கும் முறையையும் அவர் அப்போதே கையாண்டார்.

மேற்கு வங்க சர்க்கார் விசாரணைக் கமிட்டி ஒன்றை நியமித்தது. அதன் தலைவரோ ரேடியோ பௌதிக நிபுணர்! டாக்டரின் கூற்று நம்பத்தக்கதன்று எனக் கமிட்டி தள்ளிவிட்டது. 1979-ல் ஜப்பான் சென்று தம் ஆராய்ச்சியை விளக்கவும் அநுமதி மறுக்கப்பட்டது. மாரடைப்பால் நலிந்திருந்தவரை 1981 ஜூனில், அவர் துறைக்குச் சம்பந்தமில்லாத கண் வைத்தியக் கழகத்துக்கு மாற்றினர். பிறர் நாடியைப் பிடித்துப் பார்க்கும் வைத்திய உலகம், தன்னவர் ஒருவரின் மனம் நாள்தோறும் இடிந்துவருவதைப் பார்க்கவில்லை. அவர் நலங் காப்பதும் தங்கள் கடமையென்று மேலதிகாரிகள் கருதினதாகத் தெரியவில்லை. அம்மாதம் 19-ந் தேதி, ஐம்பதாவது வயதில், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

1986-ல் பிறந்த குழந்தையால் இத்துறையில் முதல்வரெனப் புகழ்பெற்றிருந்த விஞ்ஞானி ஆனந்தகுமாரே, பின்னர் சுபாஷின் குறிப்புகளை ஆராய்ந்து, 1997-ல் அப்புகழை அவருக்கே உரியதென எழுதினார்.