மருத்துவம் வளர்த்த மன்னர்

காவிரியின் கிளையாறுகள் பாய்ந்து வளங்கொழிக்கும் நாட்டில் திருவாரூர் தொன்மை மிக்க தலமாகும். தியாகராசப் பெருமானை வணங்கவும் ஆழித்தேரைக் காணவும் அந்நாளில் மக்கள் நெடுந்தொலைவிலிருந்து நடந்தே வந்தனர். இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர் பலரும் தஞ்சை நாட்டின் வழியாகவே சென்றனர். பசித்தோர்க்கும் வழியில் நோயுற்றோர்க்கும் புகலிடமாய் விளங்கியவை சத்திரங்களே. திருவாரூரிலிருந்து தஞ்சைக்குச் செல்லும் சாலையிலுள்ள நீடாமங்கலத்தில், மராட்டிய மன்னர் பிரதாபசிங்கர் காலத்தில் யமுனாம்பாள் பெயரால் அமைந்த சத்திரம் அவற்றுள் ஒன்று. இத்தகைய அறங்களை அழியாமற் காத்ததோடு, மருத்துவப் பணியையும் வளர்த்தவர் இரண்டாம் சரபோஜி மன்னர்.

சரபோஜி 1777-ஆம் ஆண்டு பிறந்தார். துளஜா மன்னர் 1787-இல் அவரைத் தம் மகனாக ஏற்றார். சின்னாட்களில் துளஜா மறைந்தார். ஆட்சி அமர்சிங்கின் கைக்குச் சென்றது. ஆதரவிழந்த சிறுவரைச் சுவார்ட்சு என்னும் ஜெர்மானியப் பாதிரியார் பரிவுடன் காத்தார். சென்னையில் கல்வி பயிலவும் வழி செய்தார். ஆங்கிலமும் மேனாட்டு அறிவியலும் கற்ற சரபோஜி 1798-இல் அரியணை ஏறினார். ஆயினும் மறு ஆண்டே நாட்டின் ஆட்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைக்க நேர்ந்தது. தஞ்சைக் கோட்டையும், வருவாயில் ஒரு பங்கும், ஆண்டுதோறும் பெறும் உதவித்தொகையுமே அவருக்கு எஞ்சின.

நாடு கைவிட்டுப் போனதைக் காட்டிலும் அறம் கெட்டுவிடுமோ என்னும் கவலையே மன்னரை வாட்டியது. சத்திரங்கள் தம் பொறுப்பிலேயே இருத்தல் வேண்டும் என்று 1801-இல் கம்பெனியின் பிரதிநிதிக்குக் கடிதம் எழுதினார். சத்திரங்களில் எல்லாச் சாதியினர்க்கும் உணவு அளிக்கப்பட்டதையும், நள்ளிரவில் மணியடித்து, உண்ணாதவர் எவரேனும் உளரோ என அழைத்து உணவிட்டதையும் அதில் எடுத்துரைத்தார். நோயாளிக்கு மருந்தும் அதற்கேற்ற உணவும் தந்தனர். பாம்புக்கடிக்கு மருத்துவம் செய்தனர். கருவுற்ற பெண்களைப் பேணினர். தாயற்ற குழந்தைகளை வளர்த்தனர். இவையெல்லாம் நின்றுவிடலாகாது என்பதே மன்னரின் வேண்டுகோள். பின்னர், 1802-இல், ஒரத்தநாட்டில் முத்தம்பாள் சத்திரத்தையும் நிறுவினார்.

மன்னர் அத்துடன் அமைதி கொள்ளவில்லை. மருத்துவ ஆராய்ச்சிக்கெனத் தன்வந்திரி மகால் என்னும் நிலையத்தை ஏற்படுத்தினார். சித்தம், ஆயுர்வேதம், யுனானி, மேனாட்டு மருத்துவம் ஆகியவற்றில் வல்லவர்களை ஒருங்கே கூட்டினார். மருந்துகளைக் கொடுத்துப் பயன் கண்ட பின்னரே குறித்து வைத்தனர். அவ்வாறு தேர்ந்த முறைகளைப் புலவர்கள் தமிழ்ப் பாடல்களாக யாத்தனர். அவை சரபேந்திர வைத்திய முறைகள் எனப் பெயர் பெற்றன.

கண்ணொளி இழந்தோரிடம் மன்னர் தனிப்பரிவு காட்டினார். கண்புரை முதலிய நோய்களுக்கு மருத்துவம் செய்வித்தார். ஒவ்வொரு நோயாளியின் நிலையையும், செய்த மருத்துவத்தையும், அதனால் விளைந்த பயனையும் எழுதச் செய்தார். நோயுற்ற கண்ணை வண்ணப்படமாகவும் வரைவித்தார். பிணியாளரைப் பெயரறியாக் கூட்டமாகக் கருதாது, தனித்தனி மனிதராக மதித்த மாண்பு அவ்வேடுகளில் விளங்குகிறது.

சரபோஜி 1832-இல் மறைந்தார். அவர் பேணி வளர்த்த சரசுவதி மகால் நூல்நிலையத்தில் அம்மருத்துவ ஏடுகள் காக்கப்பட்டு வந்துள்ளன. போர்க்களத்தில் வென்று புகழ் பெற்ற மன்னர் பலர். ஆட்சியை இழந்த பின்னும், நோயுற்றோரைக் காக்கும் கடமையை இழக்காது புகழ் பெற்றவர் சரபோஜி. அதிகாரம் இல்லாவிடினும் அறம் செய்தல் கூடும் என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.