தவளை இருதயம் சொன்ன செய்தி

காலில் முள் தைத்தால் கணத்தில் காலைத் தூக்கி விடுகிறோம். அந்தச் செய்தி நரம்பின் வழியே மின் அலையாக ஓடுகிறது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விஞ்ஞானிகளுக்குத் தெரியும். ஆனால் நரம்பு முடிகிற இடத்தில் என்ன நடக்கிறது? அடுத்த உறுப்புக்கு மின்சாரமே தாவுகிறதா, அல்லது வேறு ஏதாவது கைமாறுகிறதா? இதற்கு விடை கண்டவர் ஆட்டோ லோவி.

ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரில், 1873 ஜூன் 3-ம் தேதி, யூத குலத்தைச் சேர்ந்த ஒரு மது வியாபாரிக்கு மகனாகப் பிறந்தார் லோவி. கலை வரலாறு படிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. வீட்டார் விருப்பத்துக்காக மருத்துவம் படித்தார். 1896-ல் டாக்டர் பட்டம் பெற்று ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தார். காச நோயாலும் நிமோனியாவாலும் மக்கள் மருந்தின்றி மடிவதைக் கண்டு மனம் நொந்து, மருந்தியல் ஆராய்ச்சிக்குத் திரும்பினார். 1909-ல் ஆஸ்திரியாவில் கிராஸ் பல்கலைக் கழகப் பேராசிரியரானார்.

நரம்பின் நுனியில் ஏதோ ரசாயனம் சுரக்கிறது என்ற எண்ணம் 1903-லேயே அவருக்குத் தோன்றியது. நிரூபிக்க வழி தெரியாததால் மறந்தே போனார். ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் கழித்து, ஓர் இரவு கனவில் ஒரு சோதனை தோன்றியது. எழுந்து ஒரு துண்டுக் காகிதத்தில் கிறுக்கிவிட்டுத் தூங்கினார். காலையில் அந்தக் கிறுக்கலை அவராலேயே படிக்க முடியவில்லை! நாள் முழுவதும் தவித்தார். மறுநாள் இரவு மூன்று மணிக்கு அதே எண்ணம் மீண்டும் வந்தது. இம்முறை காகிதத்தை நம்பவில்லை. நேரே சோதனைச் சாலைக்கு நடந்தார்.

சோதனை மிக எளியது. இரண்டு தவளை இருதயங்களை எடுத்தார். ஒன்றில் நரம்பை விட்டு வைத்தார், மற்றதில் நீக்கிவிட்டார். இரண்டையும் உப்புக் கரைசலில் துடிக்க விட்டார். முதல் இருதயத்தின் வேகஸ் நரம்பை மின்சாரத்தால் தூண்டியதும் துடிப்பு தணிந்தது. அதைச் சூழ்ந்த கரைசலை எடுத்து இரண்டாவதில் செலுத்தினார். நரம்பே இல்லாத அந்த இருதயமும் தணிந்தது! மின்சாரம் கரைசலில் ஏறி வந்திருக்க முடியாது. நரம்பு நுனியில் சுரந்த பொருள்தான் வந்திருக்க வேண்டும்.

1921-ல் இதை வெளியிட்டார். பலர் நம்ப மறுத்தனர். சிலருக்குச் சோதனை சரியாக வரவில்லை. 1926-ல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் லோவி எல்லோர் முன்னிலையிலும் மீண்டும் மீண்டும் செய்து காட்டினார். அந்தப் பொருள் அசிடில்கோலின் என்பதும் பின்னர் தெளிவாயிற்று. 1936-ல், இங்கிலாந்தில் இருந்த தம் நீண்ட கால நண்பர் ஹென்றி டேலுடன் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார்.

இரண்டே ஆண்டுகளில் எல்லாம் தலைகீழாயிற்று. 1938 மார்ச்சில் ஆஸ்திரியா நாஜிகள் வசமாயிற்று. ஒரு நள்ளிரவில் ஆயுதம் தாங்கிய இளைஞர்கள் அவருடைய படுக்கை அறையில் நுழைந்து, அவரையும் இளைய மகன்கள் இருவரையும் சிறைக்கு இழுத்துச் சென்றனர். கொன்று விடுவார்கள் என்றே அவர் நினைத்தார். அப்போதும் அவரை வாட்டிய கவலை ஒன்று: கடைசியாகச் செய்த சோதனையின் முடிவு தம்மோடு அழிந்து விடுமே! காவலாளியிடம் கெஞ்சி ஒரு தபால் கார்டு வாங்கி, அதில் முடிவை எழுதி ஒரு விஞ்ஞானப் பத்திரிகைக்கு அனுப்பினார். அதன் பிறகே அவர் மனம் அமைதி அடைந்தது.

இரண்டு மாதம் கழித்து விடுதலை கிடைத்தது. ஆனால் ஸ்வீடன் வங்கியில் இருந்த நோபல் பரிசுப் பணத்தை நாஜிகளிடம் ஒப்படைத்த பிறகே நாட்டை விட்டுப் போக விட்டார்கள். லண்டன், பிரஸ்ஸல்ஸ், ஆக்ஸ்போர்டு என்று அலைந்து, 1940-ல் நியூயார்க் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். 1961 டிசம்பர் 25-ல் அங்கேயே காலமானார்.

மின்சாரம் எப்படி ரசாயனத்தைச் சுரக்க வைக்கிறது என்ற மீதிக் கேள்விக்கு விடை தேடியவரும் ஓர் அகதியே. நாஜி ஜெர்மனியை விட்டு 1935-ல் லண்டன் போன பெர்னார்டு காட்ஸ் அவர். மின் அலை நரம்பு நுனியை எட்டியதும் அங்குள்ள நுண்ணிய வாயில்கள் திறந்து, வெளியே இருக்கும் கால்சியம் உள்ளே பாய்கிறது. உடனே ரசாயனம் நிரம்பிய குட்டிப் பைகள் நுனிச் சவ்வோடு ஒட்டி உடைந்து கொட்டுகின்றன. பைக்கு இவ்வளவு என்று அளந்து வைத்தாற்போல! இதெல்லாம் நடக்க ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். இந்தப் பணிக்காக 1970-ல் காட்ஸ் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

லோவியிடமிருந்து வீட்டையும் பணத்தையும் நாட்டையும் பறிக்க முடிந்தது. தபால் கார்டில் ஏறிவிட்ட உண்மையை மட்டும் யாராலும் பறிக்க முடியவில்லை.