பந்தமும் பத்திரமும்

தொப்பியும் கைத்தடியும் சிறு மீசையுமாக உலகையே சிரிக்க வைத்த சார்லி சாப்ளினை அறியாதவர் நம்மில் இரார். ஆனால், அவர் ஒரு நாட்டிற்குக் கடன்பத்திரம் விற்றுக் கொடுத்தவர் என்பதை அறிந்தவர் சிலரே.

1889ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் பிறந்த சாப்ளின், லண்டன் மாநகரில் வறுமையில் வளர்ந்தார். தந்தையோ குடிக்கு அடிமை. மேடைப் பாடகியான தாய் ஹன்னா, குரல் கெட்டுப்போகவே, தையல் வேலை செய்து பிள்ளைகளைக் காத்தார். அதுவும் போதாமல், ஏழாம் வயதில் சாப்ளின் ஏழையர் விடுதியில் சேர்க்கப்பட்டார். பின்னர் நடிப்புத் திறனையே துணையாகக் கொண்டு அமெரிக்கா சென்று, ஊமைப்படங்களில் உலகப் புகழ் பெற்றார்.

முதல் உலகப் போரின்போது, அவர் போர்முனைக்குச் செல்லவில்லை என்று இங்கிலாந்தில் பலர் பழித்தனர். 1917இல் போரில் இறங்கிய அமெரிக்கா, செலவுக்காக மக்களிடம் விடுதலைக் கடன்பத்திரங்களை விற்றது. மக்கள் தரும் பணத்தை அரசு பின்னர் வட்டியுடன் திருப்பித் தரும். 1918 ஏப்ரலில் சாப்ளின் பல ஊர்களுக்குச் சென்று, பத்திரம் வாங்குமாறு மக்களை வேண்டினார்.

அவ்வாண்டிலேயே ‘தி பாண்ட்’ என்னும் குறும்படத்தைச் சொந்தச் செலவில் எடுத்து அளித்தார். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குப் பந்தம் என்றும் பத்திரம் என்றும் பொருள் உண்டு. நட்பு, காதல், திருமணம் ஆகிய பந்தங்களைக் காட்டிய பின், கடன்பத்திரத்தைக் காட்டுகிறார். சாப்ளின் கொடுக்கும் பணம் அரசின் கைக்கும், பிறகு தொழிலாளியின் கைக்கும் செல்கிறது. தொழிலாளி போர்வீரனுக்குத் துப்பாக்கி தருகிறான். எழுத்தறியாதவரும் புரிந்துகொள்ளும் பொருளாதாரப் பாடம் அது! முடிவில், ஜெர்மானியப் பேரரசராக நடித்த அண்ணன் சிட்னியைப் பெரிய சம்மட்டியால் அடித்து வீழ்த்துகிறார்.

ஆனால் 1952இல், சாப்ளின் லண்டனுக்குக் கப்பலேறியிருந்த வேளையில், அவருடைய அரசியல் கருத்துகளை ஐயுற்ற அதே அமெரிக்க அரசு, அவர் திரும்பி வருவதற்கான அனுமதியை ரத்து செய்தது. அவர் சுவிட்சர்லாந்தில் குடியேறினார். இருபது ஆண்டுகளுக்குப் பின், 1972இல், அமெரிக்கத் திரையுலகம் அவரை அழைத்துச் சிறப்பு ஆஸ்கர் விருது வழங்கியது. அவர் மறுக்காமல் சென்று, கண்கலங்கப் பெற்றுக்கொண்டார். 1977ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று உறக்கத்திலேயே உயிர் நீத்தார்.

பத்திரத்தில் இட்ட பணம் குறித்த நாளில் வட்டியோடு திரும்பி வரும். செய்த உதவிக்கு நன்றி அவ்வாறு நாள் குறித்து வருவதில்லை. கணக்குப் பாராமல் கொடுக்கவும், காலந்தாழ்ந்து வரும் நன்றியையும் மலர்ந்த முகத்துடன் ஏற்கவும் நமக்கு மனம் தருமாறு இறைவனை வேண்டுவோம்.